சுண்டெலியா, ஜீப்ரா மீனா?

அடிபட்ட இதயத் தசை மறுபடி வளர ஒரு ஜீன் எந்த அளவுக்குத் தேவை என்பதுதான் என் ஆய்வு. ஜீனை வெட்டிப் பார்க்க எந்தப் பிராணி என்று ஒரு மாதம் குழம்பி, ஜீப்ரா மீனை எடுத்தேன்.

ஒரு காரணம் எல்லோருக்கும் தெரிந்தது. இதயக் கீழறையில் ஐந்தில் ஒரு பங்கை வெட்டினாலும் இந்த மீன் இரண்டு மாதத்தில் வளர்த்துக்கொள்கிறது, 2002-லேயே காட்டிவிட்டார்கள். சுண்டெலிக்கு அந்தத் திறன் பிறந்த முதல் வாரத்தோடு சரி.

என்னைத் திருப்பியது எண்ணிக்கைதான். கிரிஸ்பரால், அதாவது ஜீனைக் குறிபார்த்து வெட்டும் கருவியால், வெட்டிய முதல் தலைமுறை பெரும்பாலும் கலவை. சில செல்களில் மாற்றம் இருக்கும், சிலவற்றில் இருக்காது. அதைச் சாதாரண மீனோடு சேர்த்து, பிறந்தவற்றில் மாற்றம் உள்ளவற்றைத் தங்களுக்குள் சேர்த்தால்தான் ஜீனின் இரண்டு பிரதியும் போன குஞ்சு கிடைக்கும், அதுவும் நாலில் ஒன்று. தலைமுறைக்கு மூன்று மாதம் வைத்தால், அவை வளர்ந்து அறுவைக்குத் தயாராக ஒன்பது பத்து மாதம். காலத்தில் சுண்டெலி பின்தங்கவில்லை. ஆனால் அது ஓர் ஈற்றில் ஆறு, எட்டு குட்டி போடும். நாலில் ஒன்று என்றால் ஒன்றோ இரண்டோ. மீன் ஜோடி ஒரே காலையில் இருநூறு முட்டை இட்டால் ஐம்பது தேறும். அறுவையில் சில செத்தாலும் கணக்கு நிற்கும்.

பராமரிப்பு சும்மா இல்லை. தண்ணீர் 28.5 டிகிரியில் இருக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும் மீனுக்குத் தீனியாகும் ஆர்ட்டீமியா என்ற குட்டி இறால் வகையின் முட்டையைப் பொரிக்க வைக்க வேண்டும். மரபணுச் சோதனைக்கு வால் துடுப்பின் நுனியை நறுக்குவோம். இரண்டு மூன்று வாரத்தில் அதையும் வளர்த்துக்கொண்டுவிடும், அடையாளத்துக்கு உதவாது! அதனால் முடிவு வரும்வரை ஒவ்வொரு மீனுக்கும் எண் போட்ட தனி டப்பா.

ஒரு பள்ளத்தில் நான் விழுந்தேன். இந்த மீன்களின் மூதாதை காலத்தில் மரபணுத் தொகுதியே இரட்டித்ததால் பல ஜீன்களுக்கு ஏ, பி என்று இரண்டு வடிவம் உண்டு. நான் ஏ-யை மட்டும் வெட்டினேன். மீன் ஜாம் ஜாமென்று நீந்தியது, பி ஈடுகட்டிக்கொண்டிருந்தது. மறுபடி முதலிலிருந்து. சுண்டெலியில் பெரும்பாலும் இந்தத் தலைவலி இல்லை.

மனித ஸ்டெம் செல்லைப் பிராணியின் உடலுக்குள் வைத்துப் பார்க்க வேண்டுமென்றால் நான் சொன்னதையெல்லாம் மறந்துவிட்டு, எதிர்ப்புச் சக்தி நீக்கிய சுண்டெலிக்கே போங்கள். மனித செல்லுக்கு 37 டிகிரி வேண்டும், மீனின் தண்ணீர் அதற்குக் குளிர். அந்த வேலையை நான் பக்கத்து ஆய்வகத்தில் நின்று பார்த்ததோடு சரி. கூண்டுச் செலவை அவர்களிடமே கேளுங்கள்.