ரைனோவில் பாரசீக டைல் கோலங்கள்: மினாருக்குப் போதும், குவிமாடத்துக்குக் கணக்கு வேண்டும்

பாரசீக வடிவியல் டைல் கோலங்களை வளைந்த பரப்புகளில் பொருத்திப் பார்க்க விரும்பும் கட்டடக்கலை மாணவர்களுக்கும் வடிவமைப்பாளர்களுக்கும் ரைனோ என்ற முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருள் ஏற்ற கருவிதான். ஆனால் அது எவ்வளவு உதவும் என்பது, பரப்பு எவ்வகையில் வளைந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது.

தட்டையான தளத்தில் வரையும் வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கிரிஹ் எனப்படும் பாரசீகக் கோல முறையின் அடிப்படை வடிவங்களான பத்துகோணம், ஐங்கோணம், நீண்ட அறுகோணம், இடை குறுகிய அறுகோணம், சாய்சதுரம் ஆகிய ஐந்துக்கும் பக்க நீளம் ஒன்றே. ஒவ்வொரு பக்கத்தையும் அதன் நடுப்புள்ளியில் 54 பாகைச் சாய்வில் கடக்கும் கோடுகளே நட்சத்திரங்களை உண்டாக்குகின்றன. 2018இல் வெளிவந்த ஆறாம் பதிப்பிலிருந்து ரைனோவுடனேயே வரும், விதிகளையும் அளவுகளையும் கொடுத்து வடிவங்களை உருவாக்கும் கருவியான கிராஸ்ஹாப்பரில் இந்தக் கோணத்தை மாற்றினால், கோலம் முழுவதும் உடனே மாறுவதைக் காணலாம்.

மினார் போன்ற உருளைப் பரப்பில், தட்டையான கோலத்தை வளைந்த பரப்பின் மேல் படியவைக்கும் 'ஃப்ளோ அலாங் சர்ஃபேஸ்' கட்டளை ஒன்றே போதும். சுற்றளவு, கோல அலகின் அகலத்துக்கு முழு எண் மடங்காக இருந்தால் இணைப்பு எங்கே என்றே தெரியாது.

குவிமாடத்தில்தான் சோதனை. கோளப் பரப்பை நீளங்கள் மாறாமல் தட்டையாக்க முடியாது என்பதைக் கணிதவியலாளர் காஸ் 1827இலேயே நிறுவிவிட்டதால், இதில் எந்த மென்பொருளையும் குற்றம் சொல்வதற்கில்லை. அதே கட்டளையை அரைக்கோளத்தில் இட்டால் அடிவரிசை நட்சத்திரங்கள் சரியாக அமைகின்றன. மேலே போகப்போக அகலம் மட்டும் குறைந்து உயரம் அப்படியே நிற்பதால், உச்சியில் அவை ஊசிகளாகிவிடுகின்றன. அந்தக் கட்டளையின் 'ரிஜிட்' தெரிவு துண்டுகளை வளைக்காமல் வைக்கிறது, ஆனால் அவற்றுக்கிடையே இடைவெளிகளும் மேற்படிதல்களும் தோன்றுகின்றன.

ஈரானின் இஸ்ஃபஹானில் 1619இல் நிறைவுற்ற ஷேக் லுத்ஃபுல்லா மசூதிக் குவிமாடத்தின் உட்புறத்தைப் பார்த்தால் தீர்வு புலப்படும்: அங்கே பதக்க வடிவ அலங்காரங்கள் உச்சியை நோக்கி அகலத்திலும் உயரத்திலும் ஒருசேரச் சிறுக்கின்றன. கிராஸ்ஹாப்பரில் ஒவ்வொரு வரிசையின் உயரத்தையும் அந்த மட்டத்தின் சுற்றளவுக்கு ஏற்பக் குறைத்து, அடியிலிருந்து உச்சிவரை செல்லும் ஒரு சுளையை (ஆரஞ்சுச் சுளை போன்ற பகுதியை) மட்டும் வரைந்து, அதை அச்சைச் சுற்றி நகலெடுத்தால் இந்த ஒழுங்கு கிடைத்துவிடுகிறது. ஈரானின் மாஹானிலுள்ள ஷா நேமத்துல்லா வலி சமாதிக் குவிமாடம் இன்னும் ஒரு படி மேலே சென்று, நட்சத்திர முனைகளின் எண்ணிக்கையையே வரிசைக்கு வரிசை மாற்றுகிறது; அந்த முடிவை எடுத்துத் தரும் கட்டளை எதுவும் இல்லை, வரைபவரே காகிதத்தில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

திரையில் அழகான படம் மட்டும் போதும் என்பவர்களுக்கு இலவச முப்பரிமாண மென்பொருளான பிளெண்டர் போதுமானது. துண்டுகளை இயந்திரத்தில் வெட்டப் போகிறவர்களுக்குத் துல்லியமான வளைகோடுகள் தேவைப்படும் என்பதால் ரைனோவுக்குப் பணம் செலவிடலாம். அதற்கும் முன், 90 நாள் இலவசச் சோதனைக் காலத்திலேயே ஒரு சுளையை முடித்துப் பார்த்துவிடுவது நல்லது.