குளக்கரைக் காணி: ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்

நிறுவனத்தின் பெயரைப் போடாமல்தான் எழுதுகிறேன், ஏனென்றால் என் முற்பணத்தில் மிச்சம் இன்னும் அவர்களிடம் இருக்கிறது.

வன்னியில் காணியைத் துண்டு போட்டு விற்பவர்கள். பன்னிரண்டு துண்டு, துண்டுக்கு இரண்டு பரப்பு, உறுதிக்காணி, மின்சாரம் வாசல்வரை வந்துவிட்டது, அதற்குக் கீழே பெரிய எழுத்தில் 'குளக்கரைக் காற்றோடு குடியிருங்கள்'. கனடாவில் இருக்கும் அக்காவுக்கு அந்தக் கடைசி வரி ஒன்றே போதுமாக இருந்தது. வெயிலில் போய்ப் பார்த்தது நான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். வான் வண்டியில் கூட்டிக்கொண்டு போனார்கள், குளிர்ந்த சோடா தந்தார்கள், எத்தனை தரம் போன் எடுத்தாலும் முகம் சுளிக்காமல் பதில் சொன்னார்கள். உறுதியின் பிரதியை அன்றைக்கே கையில் தந்தார்கள், அதை எங்கள் நொத்தாரிசு காணிப் பதிவகத்தில் முப்பது வருடத்துக்குத் தேடிப் பார்த்து ஒரு பிசகும் இல்லை என்றார். இரண்டு நட்சத்திரமும் இதற்குத்தான்.

நாங்கள் போனது ஆவணி மாதம். சிறுபோகத்துக்குத் தண்ணீர் விட்டு முடிந்து குளம் நன்றாக வற்றியிருந்தது. ஒன்பதாம் துண்டில் நின்று பார்த்தால் பந்து விளையாடும் மைதானம் போலக் குறும்புல், அதற்கப்பால் வெகு தூரத்தில் கொஞ்சம் தண்ணீர், நாலைந்து கொக்கு. எனக்கும் பிடித்துத்தான் போனது, பொய் சொல்லக்கூடாது. அந்த ஒன்பதாம் துண்டுக்கு ஒரு இலட்சம் முற்பணம் கட்டினேன்.

பத்து நாள் கழித்து வேலிக்கு எத்தனை கட்டை வேண்டும் என்று கணக்குப் பார்க்கத் தனியாக மோட்டார் சைக்கிளில் போனேன். மாடு மேய்த்துக்கொண்டு நின்ற ஐயா ஒருவர் கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கிட்ட வந்து, "தம்பி, இதையோ வாங்கப் போறீங்கள்?" என்றார். ஓம் என்றேன். "இது குளம் படுக்கிற இடமெல்லோ" என்று சொல்லிவிட்டுப் பக்கத்துப் பழைய முள்ளுக்கம்பி வேலியைக் காட்டினார். கம்பியில் என் இடுப்பு உயரத்தில் தண்ணீரில் மிதந்து வளர்கிற ஆற்றுவாழை காய்ந்து பழுப்பு நிறத்தில் நார் நாராகத் தொங்கியது. கட்டையிலும் அதே உயரத்தில் ஒரு சேற்றுக் கோடு. ஆவணியில் இவ்வளவு காய்ந்து கிடக்கிற காணியில் ஆற்றுவாழை வேலியேறியது எப்படி என்று யோசிக்க எனக்கு அரை நிமிடம் பிடித்தது. வான் வண்டியில் வந்தபோது அந்தப் பக்கம் இறக்கவே இல்லை என்பது அதற்குப் பிறகுதான் நினைவு வந்தது.

மற்ற நாள் அலுவலகம் அலுவலகமாக ஏறினேன். முதலில் தெரிய வேண்டியது குளம் யாருடையது என்பது. 80 ஹெக்டேயர், அதாவது ஏறக்குறைய 200 ஏக்கர் வயலுக்குள் பாய்கிற சின்னக் குளம் என்றால் கமநல சேவை நிலையம், அதற்கு மேலே என்றால் நீர்ப்பாசனத் திணைக்களம். எங்களுடையது சின்னக் குளம். அங்கே இருந்த உத்தியோகத்தர் அரை மணித்தியாலம் செலவழித்து விளங்கப்படுத்தினார், அந்த மனிதருக்கு வேண்டுமானால் ஐந்து நட்சத்திரமும் தருவேன்.

அவர் சொன்னதில் நாங்கள் எல்லோரும் பிழையாக நினைத்துக்கொண்டிருக்கிற விசயம் ஒன்று இருக்கிறது. குளத்துக்கென்று விட்டுவைக்க வேண்டிய நிலத்தை, அதாவது ஒதுக்கத்தை, இன்றைக்குத் தண்ணீர் நிற்கிற இடத்திலிருந்து அளப்பதில்லை. குளம் முட்டி, மிச்சத் தண்ணீர் வெளியே வழியும்போது, அதாவது வான் பாயும்போது, தண்ணீர் எதுவரை ஏறுமோ அந்த மட்டத்திலிருந்துதான் கணக்கு. அலைகரை என்று நாங்கள் சொல்கிற அந்த ஏறி இறங்குகிற நிலம் வருடத்தில் பாதி நாள் பார்வைக்குத் தரைதான், ஆனால் அது குளம். உங்கள் உறுதி எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அதில் வீடு கட்ட அனுமதி கிடையாது. உறுதி காணி யாருடையது என்று சொல்லும், அதில் என்ன செய்யலாம் என்று சொல்லாது. அதற்குப் பிரதேச சபை, நகர அபிவிருத்தி அதிகாரசபையின் எல்லைக்குள் அகப்பட்ட இடமென்றால் அவர்களுடைய விதியும். சரி, மண் போட்டு உயர்த்திவிட்டால்? அதையும் கேட்டேன். வயல்நிலமென்றால் 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டப்படி ஆணையாளர் நாயகத்தின் எழுத்து அனுமதி இல்லாமல் நிரப்புவதே குற்றம். அலைகரையென்றால் பேச்சுக்கே இடமில்லை, நீங்கள் நிரப்பிய இடத்துத் தண்ணீர் வேறு யாருடைய வாசலுக்கோ போகும்.

இன்னொன்று. மட்டம் என்பதும் எப்போதும் ஒன்றல்ல. கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தைப் புனரமைத்தபோது தண்ணீர் நிற்கிற மட்டத்தை 34 அடியிலிருந்து 36 அடியாக்கினார்கள். கட்டின் பக்கம் நின்று பார்த்தால் இரண்டு அடி பெரிதாகத் தெரியாது, ஆனால் அலைகரைப் பக்கம் நிலம் சரிவாகப் படுத்துக் கிடப்பதால் இரண்டு அடி உயர்ந்தால் தண்ணீர் எவ்வளவு தூரம் உள்ளே போகும் என்று அங்கே மாடு கட்டியவர்களைக் கேளுங்கள். 2018 மார்கழி வெள்ளத்தைக் கிளிநொச்சிக்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

திரும்பி நிறுவனத்துக்குப் போனேன். முகாமையாளர் தம்பி, "அண்ணை, நில அளவை வரைபடத்தில் ஒதுக்கம் போட்டுத்தானே இருக்கு" என்றார். உண்மைதான், முழு வரைபடத்தை விரித்தபோது கீழ் ஓரத்தில் மெல்லிய புள்ளிக்கோடு ஒன்று ஒன்பதாம் துண்டின் நடுவாலும் பத்து, பதினொன்று, பன்னிரண்டுக்கு மேலாலும் ஓடியது. எங்களுக்குத் தந்த பிரதியில் அந்த ஓரம் இல்லை. 'போட்டோகொப்பி மெசின் சின்னத் தாள்' என்றார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

நியாயமாகச் சொன்னால் வீதியோரமாக உள்ள முதல் ஐந்து துண்டும் மேட்டுநிலம், நல்ல காணி, விலையும் பரவாயில்லை. அதிலொன்றுக்கு மாற்றித் தருகிறோம் என்றும் சொன்னார்கள். நான்தான் மனம் விட்டுப்போய் வேண்டாம் என்றேன். இவர்களிடம் வாங்குபவர்கள் வாங்கலாம், ஆனால் முற்பணத்துக்கு முன்னால் நில அளவையாளர் கையெழுத்து வைத்த முழு வரைபடத்தைக் கேளுங்கள், உங்கள் செலவில் வேறொரு அளவையாளரைக் கொண்டு எல்லைக் கல்லைச் சரிபாருங்கள், காணியை மார்கழியில் ஒருதரம் பாருங்கள். உறுதி இல்லாமல் அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி என்றால் இது எதுவுமே காணாது, பிரதேச செயலகத்தில் கேட்காமல் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்.

ஒரு இலட்சத்தில் அறுபதாயிரம் திரும்பி வந்தது. மிச்சம் நாற்பதுக்கு வருகிற கிழமை என்கிறார்கள், மூன்று மாதமாக வருகிற கிழமைதான். போன் மட்டும் இப்போதும் முதல் மணியிலேயே எடுக்கிறார்கள். காசு வந்தால் இங்கேயே எழுதி இரண்டரை நட்சத்திரம் ஆக்குகிறேன்.