காரைக்குடி விடுதியின் பறவை நடை: ஒரு மதிப்புரை

காரைக்குடிப் பக்கத்தில் பழைய நகரத்தார் வீடொன்றில் நடந்துவரும் தங்கும் விடுதி, மார்கழி, தை மாதங்களில் தன் விருந்தினர்களை அதிகாலையில் திருப்பத்தூருக்கு அருகிலுள்ள வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்கு அழைத்துச் செல்கிறது. 1977இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இக்கம்மாய்களில் கூடும் பறவைகள் மிரண்டுவிடக் கூடாது என்று கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை என்பதைச் சிவகங்கைச் சீமையில் பலரும் அறிவர். கரையில் நின்று பார்க்க வழிகாட்டி எதற்கு என்று கேட்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

எங்களுடன் வந்த வழிகாட்டி, பறவையின் பெயரைச் சொன்ன கையோடு அதன் உடலமைப்பு அதற்கு எப்படிச் சோறு போடுகிறது என்று விளக்கத் தொடங்கிவிடுவார். நத்தைகுத்தி நாரையின் இரு அலகுகளும் நுனியில் சேர்ந்தாலும் நடுவில் இடைவெளி விட்டிருக்கும்; குஞ்சுகளுக்கு அந்த இடைவெளி கிடையாது, வளர வளரத்தான் உண்டாகிறது. கரையோரச் சேற்றில் கிடந்த நத்தை ஓடொன்றை எடுத்து, "பாருங்கய்யா, ஓட்டுல ஒரு கீறல் இல்லை" என்று என் உள்ளங்கையில் வைத்தார். உண்மைதான், வாசலை மூடும் தகட்டைக் காணவில்லையே தவிர, ஓடு முழுதாக இருந்தது. கீழலகின் கூரிய நுனியை உள்ளே செலுத்தி, சதையை ஓட்டோடு பிணைக்கும் தசையை அறுத்து, உடலை அப்படியே உருவி எடுத்துவிடுகிறது நாரை.

அந்த நத்தையும் சாமானியப்பட்டதன்று. தண்ணீரில் மூச்சுவிடச் செவுளும் காற்றில் மூச்சுவிட நுரையீரல் போன்ற பையும் அதற்கு உண்டு. கோடையில் கம்மாய் வறண்டதும் சேற்றுக்குள் புதைந்து, தகட்டால் வாசலை அடைத்துக்கொண்டு, வளர்சிதை மாற்றத்தை மிகவும் தணித்து, மழை வரும்வரை மாதக்கணக்கில் இரையின்றிக் கிடக்கும். நாரைக்கு அந்த வழி இல்லை. 40 பாகை செல்சியஸை ஒட்டிய உடல் வெப்பத்தை இரவு பகலாகக் காக்க வேண்டியிருப்பதால் அது இரை தேடிக்கொண்டே இருக்க வேண்டும், நீர் வற்றினால் வேறு கம்மாய்க்குப் பறந்தாக வேண்டும். ஒன்று செலவைச் சுருக்கியும் மற்றொன்று வரவைப் பெருக்கியும் ஒரே கம்மாயில் குடித்தனம் நடத்துவதை வட்டிக்கடைக் கணக்குகள் பார்த்த இம்மண்ணில் நின்று கேட்டபோது மிகவும் பிடித்திருந்தது.

வெயில் ஏறிய பின்பும் அவர் எங்களை அவசரப்படுத்தவில்லை. நீர்க்காகத்தின் வெளி இறகுகள் நனைந்து ஊறுவதால் மிதக்கும் தன்மை குறைந்து, மீனைத் துரத்தி மூழ்குவது எளிதாகிறது. அதற்கு ஈடாகத்தான் கரையேறியதும் சிறகை விரித்து உலர்த்துகிறது. பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. ஆகவே வெப்பம் மிகும்போது நாரைகள் தம் கால்களின் மீதே நீர்த்த எச்சமிட்டு, அது ஆவியாகும் குளிர்ச்சியால் அங்கு ஓடும் இரத்தத்தைத் தணித்துக்கொள்கின்றன. கால்களில் படிந்திருந்த அந்த வெள்ளைப் பூச்சை இதுவரை அழுக்கென்றே நினைத்திருந்த எங்கள் குழுவினர் அதைக் கேட்டு வியந்தனர்.

குறைகளும் உண்டு. சொன்ன நேரத்துக்கு வண்டி வரவில்லை. நாங்கள் கரையை அடைவதற்குள் பல பறவைகள் இரை தேடக் கிளம்பிவிட்டன. ஆறு பேருக்கு இரண்டே தொலைநோக்கிகள், அவற்றில் ஒன்றின் கண்ணாடி பூசணம் பிடித்து மங்கியிருந்தது. ஒருவருக்கு 800 ரூபாய் வாங்குகிறவர்கள் இதைச் சரிசெய்தே தீர வேண்டும். திரும்பியதும் கிடைத்த இட்லியும் கோசமல்லியும் நன்றாக இருந்தன.

எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளைத் தயங்காமல் அழைத்துச் செல்லலாம். முன்பதிவு செய்யும்போதே கம்மாயில் தண்ணீர் கிடக்கிறதா என்றும், இதே வழிகாட்டிதான் வருவாரா என்றும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் அதையும் எடுத்துச் செல்லுங்கள்.