கோபுரம் மட்டும் பொதுவா, ரேடியோ கருவியுமா?

இந்தியாவில் செல்போன் கோபுரத்தைப் பங்கிடுவது பழகிய விஷயம். 2007-ல் பார்தி, வோடபோன், ஐடியா மூன்றும் சேர்ந்து இன்டஸ் டவர்ஸ் என்ற கோபுர நிறுவனத்தைத் தொடங்கின. இடம், கோபுரம், பேட்டரி, டீசல் ஜெனரேட்டர் எல்லாம் பொது; ரேடியோ கருவி (போனோடு சிக்னல் பரிமாறும் கருவி) அவரவருடையது. ஒண்டுக்குடித்தனம் மாதிரிதான்: கூரை ஒன்று, அடுப்பு தனித்தனி. போட்டியாளர் அதே கோபுரத்தில் இருந்தாலும் சேவைத் தரம் அவரவர் கையில்.

ஸ்வீடனில் கதை வேறு. அங்கே 2000-ல் 3ஜி உரிமம் கிடைக்காத டெலியா (பழைய அரசு நிறுவனம், யாரும் எதிர்பார்க்கவில்லை), உரிமம் பெற்ற டெலி2-வுடன் சேர்ந்து ஒரே ரேடியோ வலையமைப்பைக் கட்டியது. இங்கே அடுப்பும் ஒன்று. செலவு இன்னும் குறையும், சரி. ஆனால் புதுக் கருவி எங்கே வைப்பது, எப்போது மாற்றுவது என எல்லாவற்றுக்கும் இருவரும் ஒத்துப்போக வேண்டும். பாகம் பிரிக்க நேர்ந்தால் பெரிய தலைவலி.

நெரிசலான நகரத்துக்குக் கோபுரப் பங்கீடே போதும் என்பேன். நாலு வீடு இருக்கும் மலைக்கிராமத்தில் மூன்று நிறுவனம் மூன்று கருவி மாட்டுவது வீண். அங்கே ஸ்வீடன் வழிதான். இந்தியாவிலும் 2016 முதல் கருவிப் பங்கீட்டுக்கு அனுமதி உண்டு.