ஒப்பரேஷனுக்குப் பிறகு மகளுக்கு வாங்கிய ஃப்ரீட் பொயின்ட் சப்பாத்து

பாலே ஆடுகிறவர்கள் விரல் நுனியில் ஏறி நிற்கப் போடுகிற சப்பாத்துதான் பொயின்ட் சப்பாத்து. ஃப்ரீட் கம்பனியின் கிளாசிக் பொயின்ட் சப்பாத்து ஒரு சோடி ஐம்பது பவுணுக்கு மேல் போகிறது. அந்தக் காசுக்கு ஒரு நல்ல தோல் சப்பாத்து வாங்கினால் இரண்டு மூன்று வருடம் போடலாம். இது நிகழ்ச்சிக் காலத்தில் சில வாரங்கள் தாங்கினாலே பெரிய காரியம். பெரிய கம்பனிகளில் முதன்மைப் பாத்திரம் ஆடுகிறவர்கள் ஒரே இரவில் ஒரு சோடியை முடித்துவிடுவார்கள். இதெல்லாம் தெரிந்துதான் வாங்கினோம், இனியும் வாங்குவோம். கால் அடிபட்டு, ஒப்பரேஷன் செய்து, திரும்ப மேடைக்குப் போக நினைக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் ஏன் இதை யோசிக்கவேண்டும் என்று சொல்கிறேன்.

நான் லண்டன் ஹரோவில் உடுப்புத் திருத்துகிற கடை வைத்திருக்கிறேன். பாலே எனக்குத் தெரியாது, ஆனால் தையல் தெரியும். மகள் முழுநேர பாலே பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். அவளுடைய சப்பாத்துகளுக்கு ரிப்பன் தைப்பது சின்ன வயதிலிருந்தே என் பொறுப்பு.

முதலில் காயம். குதிக்காலுக்கு மேலே, கணுக்காலின் பின்பக்கம், சிலருக்கு ஒரு சின்ன எலும்புத் துண்டு தனியாக இருக்கும். வளர்கிற வயதில் பெரிய எலும்போடு ஒட்டவேண்டியது ஒட்டாமல் நின்றுவிடுகிறது. ஓஸ் ட்ரைகோனம் என்று பெயர். இருக்கிறவர்களில் பெரும்பாலானோருக்கு அது இருப்பதே தெரியாது, ஒரு தொந்தரவும் தராது. ஆனால் பொயின்டில் ஏறி நிற்கும்போது கணைக்கால் எலும்பும் குதி எலும்பும் நெருங்கிவரும். இந்தத் துண்டு பாக்குவெட்டிக்குள் அகப்பட்ட பாக்குப்போல நடுவில் நசிபடும். ஒருநாளைக்கு எத்தனையோ நூறு தடவை. என் மனைவி இதைக் கேட்டுவிட்டு, "பரதம் பழகியிருந்தால் இப்படி ஒரு எலும்பு இருப்பதே தெரியவந்திராது" என்றாள். அரைமண்டியில் பாதம் நிலத்தில் படிந்து நிற்கும், கணுக்காலை அந்த அளவுக்கு நீட்டி அதன் மேல் பாரம் போடுகிற வேலை அங்கே இல்லை. ஆகவே அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. மகள் பதில் சொல்லவில்லை, கதவைக் கொஞ்சம் பலமாகச் சாத்தினாள்.

எங்கள் குடும்ப வைத்தியர் ஓய்வெடுக்கச் சொன்னார், பிறகு ஆட்டத்தையே விட்டுவிடலாமே என்றார். இங்கிலாந்தில் இருக்கிற பெற்றோருக்கு ஒரு தகவல்: நடன மருத்துவத்துக்கென்று ஒரு தேசிய நிறுவனம் 2012இல் தொடங்கப்பட்டிருக்கிறது. அதன் மூலம் லண்டனில் ரோயல் நஷனல் ஓர்த்தோபீடிக் ஹொஸ்பிட்டலில் ஆடுகிறவர்களின் காயங்களுக்கென்றே அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். கிளினிக் நடக்கிறது. காசில்லை, குடும்ப வைத்தியரின் கடிதம் வேண்டும். பல வைத்தியர்களுக்கு இப்படி ஒன்று இருப்பது தெரியாது, நீங்களாகப் பெயர் சொல்லிக் கேட்கவேண்டும். ஆடுகிற பிள்ளையிடம் "ஆடாதே" என்பதற்கும் "எந்த அசைவில் நோகிறது, காட்டு" என்பதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதை அந்த வகைக் கிளினிக்கில்தான் பார்த்தேன்.

ஊசி, பயிற்சி எல்லாம் பார்த்து, கடைசியில் அந்தத் துண்டை எடுத்துவிட்டார்கள். பெரிய பூட்ஸ் போட்டுக்கொண்டு சோபாவில் கிடந்த நாட்களில் மகள் ஸ்டீவன் மக்ரேயின் வீடியோக்களைப் பார்த்தபடியே இருந்தாள். ரோயல் பாலேயின் முதன்மை ஆட்டக்காரர். 2019 ஒக்டோபரில் கோவென்ட் கார்டன் மேடையில், ஆட்டத்தின் நடுவில், அவருடைய அக்கிலீஸ் தசைநாண் அறுந்தது. திரும்ப அதே மேடையில் ரோமியோவாக ஏறியது 2021 ஒக்டோபரில். அவருடைய காயம் வேறு, இவளுடையது வேறு. இவளுடையது எவ்வளவோ சின்னது. ஆனால் அவர் கெண்டைக்காலைக் கட்டியெழுப்ப இரும்பு தூக்குவதைப் பார்த்த பிறகுதான் இவளும் பாரம் தூக்கச் சம்மதித்தாள். அதுவரை, "தசை வைத்துவிடும், காலின் லைன் கெட்டுவிடும்" என்று ஒரே மறுப்பு.

சரி, சப்பாத்துக்கு வருவோம். வரத்தான் நேரமாகும், ஏனென்றால் சப்பாத்து கடைசியில்தான் வருகிறது. எனக்கு இது விளங்க நாளானது. வெறுங்காலில் பயிற்சி, படுத்துக்கொண்டு பயிற்சி, ரப்பர் பட்டியைக் காலின் பெருவிரலில் மாட்டி இழுக்கிற பயிற்சி. பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு, பொயின்ட் இல்லாத மெதுசப்பாத்தில். ஒற்றைக்காலில் முழங்கால் மடங்காமல் குதியைத் தூக்கித் தூக்கி இறக்கவேண்டும், ஒரே தாளத்தில், ஒரே உயரத்துக்கு. இருபதுக்கு மேல் வரவேண்டும் என்பது பிசியோவின் கணக்கு. எண்ணிக்கை குறைந்தால் பரவாயில்லை, உயரம் குறைந்தால் எண்ணமாட்டார். அதற்குப் பிறகும் ஒற்றைக்காலில் சாய்ந்து மடங்குகிற சோதனை, ஒற்றைக்காலில் குதிக்கிற சோதனை. சின்னப் பிள்ளைகளை முதன்முதல் பொயின்டில் ஏற்றுமுன் வைக்கிற அதே சோதனைகள். பத்து வருடம் ஆடியவளுக்கு அதைத் திரும்ப வைத்தபோது முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும்.

அவளுடைய பழைய சப்பாத்து வேறு கம்பனி. அளவு தெரியும்தானே என்று இணையத்தில் அதையே திரும்ப வாங்கிவிடலாம் என்று நான் சொன்னேன். பிசியோ விடவில்லை. பல மாதம் பாரம் தாங்காத பாதம் மெலிந்திருக்கும், கணுக்கால் இன்னும் கொஞ்சம் வீங்கியிருக்கும், இந்த வயதில் பாதமே வளர்ந்தும் இருக்கலாம், நேரில் போய் அளந்து போடுங்கள் என்றார். ஆகவே செயின்ட் மார்ட்டின்ஸ் லேனில் இருந்த ஃப்ரீட் கடைக்குப் போனோம்.

அளந்து போடுகிற பெண் முதலில் கேட்டது அளவை அல்ல. எந்தக் கால், எப்போது ஒப்பரேஷன் செய்தார்கள், பிசியோ சரி சொல்லிவிட்டாரா என்று கேட்டார். பிறகு வெறும் பாதத்தைப் பார்த்தார்: விரல்களின் நீள வரிசை, பாதம் குறுகிப்போகிற விதம், அழுத்தினால் அகலுகிற அளவு. சப்பாத்தைப் போட்டு முழங்காலை மடக்கி நிற்கச் சொல்லி விரல்கள் முன்னால் முட்டுகிறதா என்று பார்த்தார். கம்பியைப் பிடித்து ஏறி நிற்கச் சொல்லிக் குதியில் இரண்டு விரலால் சற்றின் துணியைக் கிள்ளிப் பார்த்தார். கொஞ்சம் கிள்ள வந்தால் சரி, நிறைய வந்தால் நீளம் கூட. இந்தக் கிள்ளலைப் பார்த்ததும் எனக்கு மனதுக்குள் ஒரு நிம்மதி. தோள்பட்டையில் துணியைக் கிள்ளிப் பார்க்காமல் நான் ஒரு கோட்டையும் வெட்டமாட்டேன்.

அகலத்தை இவர்கள் எக்ஸ் குறியால் சொல்கிறார்கள். ஒரு எக்ஸ், இரண்டு எக்ஸ், மூன்று எக்ஸ். மகளுக்கு முன்பு நினைத்ததைவிட ஒரு எக்ஸ் கூடியது. அப்புறம் அடித்தட்டு, பாதத்துக்குக் கீழே சப்பாத்துக்குள் இருக்கிற விறைப்பான தட்டு. அது மிக மிருதுவாக இருந்தால், அல்லது பழசாகிச் செத்துவிட்டால், ஆடுகிறவர் சப்பாத்தின் முனையைத் தாண்டி முன்னால் போய்விடுவார், கணுக்காலின் பின்பக்கம் இன்னும் நெருக்கப்படும். மிக விறைப்பாக இருந்தால் முழுதாக ஏறமுடியாமல் பாதத்தைச் சுருக்கிச் சமாளிப்பார், அதுவும் கூடாது. இவளுக்கு ஒப்பரேஷன் செய்த கால் இன்னும் பலவீனம், மற்றக் கால் பழையபடி.

இந்தச் சப்பாத்தை நான் சிபாரிசு செய்வதற்கு முக்கிய காரணம் இதுதான்: இதை மாற்றலாம். பொயின்ட் சப்பாத்தில் இடது வலது கிடையாது, இரண்டும் ஒரே மாதிரி வரும். வீட்டில் அவள் ஆசிரியை சொன்னபடி ஒன்றின் உள் அடித்தட்டைக் குதிப்பக்கம் கால்வாசி வெட்டி எடுத்தேன், அது நல்ல காலுக்கு. ஒப்பரேஷன் செய்த காலுக்கு முழுத் தட்டையும் விட்டோம். பிறகு பலம் வர வர அதையும் குறைத்தோம். ஒரு தையல்காரனாகச் சொல்கிறேன், திருத்தத்துக்கு இடம் விட்டுச் செய்த பொருள் வேறு, முடித்துக் கையில் தருகிற பொருள் வேறு.

செய்த விதத்தையும் சொல்லவேண்டும். ஒரு பழைய சோடியை மேசையில் வைத்துப் பிரித்துப் பார்த்தேன். வெளியே சற்றின். உள்ளே விரல்களைச் சுற்றி இருக்கிற அந்தக் கட்டியான பகுதியில் மரமோ இரும்போ இல்லை. கோணித்துணி, கடதாசி, மாப்பசை, அடுக்கடுக்காக. முழுச் சப்பாத்தையும் உட்பக்கம் வெளியே தெரியத் தைத்து, அப்புறம் திருப்பி, சுத்தியலால் தட்டி வடிவெடுத்து, சூளையில் காயவைக்கிறார்கள். முனைக்குக் கீழே சற்றினை மடித்துக் கொசுவிய இடத்தைப் பாருங்கள். ஒவ்வொரு மடிப்பும் கையால் இழுத்து வைத்தது, விசிறியாக விரிந்து தோல் அடிக்குள் போய் மறைகிறது. நான் கொசுவம் பிடிக்கத் தொடங்கி முப்பது வருடமாகிறது, அந்த வளைவில் இவ்வளவு ஒழுங்காக எனக்கு வராது.

அடியில் ஒரு முத்திரை இருக்கும். ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒன்று: எழுத்து, அல்லது மீன், நங்கூரம், கிரீடம்போல ஒரு சின்னப் படம். ஒரே அளவு என்றாலும் ஆளுக்கு ஆள் கை மாறும். உங்கள் பிள்ளைக்குப் பொருந்திய சோடியின் முத்திரையைக் குறித்துவையுங்கள், அடுத்தமுறை அதையே கேளுங்கள். அந்த ஆள் ஓய்வு பெற்றால் ஆடுகிறவர்கள் துக்கம் விசாரிக்கிற அளவுக்குக் கவலைப்படுவார்கள் என்று மகள் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் கடைக்கு வருகிற சிலர் நான் ஊருக்குப் போகிற மாதத்தில் வேறு யாரிடமும் பிளவுஸ் கொடுப்பதில்லை.

நிறத்தைப் பற்றி. பாலேயில் சப்பாத்து காலின் நிறத்திலேயே இருக்கவேண்டும், அப்போதுதான் கால் நீளமாகத் தெரியும். ஆனால் காலங்காலமாக அந்த நிறம் இளஞ்சிவப்பு. எங்கள் பிள்ளையின் கால் அந்த நிறமா? வருடக்கணக்காக முகத்துக்குப் பூசுகிற ஃபவுண்டேஷனை ஸ்பொஞ்சில் தொட்டு ஒவ்வொரு சோடிக்கும் பூசினோம். நேரம், காசு, ஈரத்தில் சற்றின் இளகும், வியர்த்தால் வழியும். 2018இல் ஃப்ரீட், பாலே பிளாக் என்ற லண்டன் குழுவோடு சேர்ந்து, பழுப்பிலும் வெண்கல நிறத்திலும் பொயின்ட் சப்பாத்து கொண்டுவந்தது. கம்பனி தொடங்கியது 1929இல் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மகளுக்கு வெண்கலம் ஏறக்குறையப் பொருந்துகிறது, வெயில்காலத்தில் பழுப்பு. ரிப்பனை நான் கடையில் இருக்கிற சற்றின் சுருளில் நிறம் பார்த்து வெட்டிவிடுவேன்.

ரிப்பன் தைப்பதற்கு நூலைவிடப் பல்லிடுக்குச் சுத்தம் செய்கிற இழை நல்லது, அறாது. சற்றினிலும் உள்துணியிலும் மட்டும் ஊசி போகவேண்டும், விளிம்பில் ஓடுகிற இழுகயிற்றைக் குத்திவிட்டால் பிறகு அதை இறுக்கமுடியாது. ரிப்பனின் நுனியை லைட்டரில் காட்டி உருக்கிவிடுங்கள்.

குறைகள் இல்லாமல் இல்லை. ஆயுள் குறைவு என்பதைச் சொல்லிவிட்டேன். மாப்பசை வியர்வையில் இளகத்தான் செய்யும், ஒரு நாள் ஆடினால் ஒரு நாள் காயவிடவேண்டும், ஆக எப்போதும் இரண்டு சோடி சுற்றில் இருக்கவேண்டும். ஞெகிழி அடித்தட்டு வைத்த கம்பனிகளின் சப்பாத்துகள் இதைவிடக் கனகாலம் உழைக்கும் என்கிறார்கள், கை இறுக்கமென்றால் அதையும் பார்க்கலாம், ஆனால் கத்தி வைத்து வெட்டித் திருத்துகிற வசதி அதில் இராது. அடுத்தது சத்தம். புதுச் சோடி மேடையில் டக் டக் என்று கேட்கும். "அப்பா, குதிரை ஓடுற மாதிரிக் கேக்குது" என்று அவள் சொல்ல, கடையின் பின்படியில் வைத்து நான் அடித்து மெதுவாக்குவேன். பக்கத்துக் கடை துருக்கிக்காரச் சிகையலங்காரக்காரர் முதல்நாள் எட்டிப் பார்த்தார். ஐம்பது பவுண் சப்பாத்தைப் புத்தம் புதிதாகக் கல்லில் அடிக்கிறவனுக்கு என்ன விளக்கம் சொல்வது?

அவள் திரும்ப மேடையேறியது பள்ளிக்கூடத்தின் வருடக் கடைசி நிகழ்ச்சியில். தனி ஆட்டம் இல்லை, கூட்டத்தில் பின்வரிசை. ஆசிரியை வேண்டுமென்றே அப்படிப் போட்டிருந்தார், குதிப்புகள் குறைந்த பகுதி. நான் முகத்தைப் பார்க்கவில்லை, முழுநேரமும் இடது குதியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சற்றின் சுருங்கவில்லை, ரிப்பன் நழுவவில்லை, ஏறிய உயரம் வலதுக்கும் இடதுக்கும் ஒன்று. முடிந்து வெளியே வந்ததும் அவள் கேட்டது ஐஸ் பை. பிறகு, நடு வரிசையில் ஒருத்தி தாளம் தவறியதைப் பற்றி வீடு வரைக்கும் கதை.

சப்பாத்து அளந்து போடப் போகிறவர்களுக்கு: முன்கூட்டியே நேரம் பதிந்து போங்கள், மத்தியானத்துக்குப் பிறகு போவது நல்லது, அப்போதுதான் பாதம் நாளின் வீக்கத்தோடு இருக்கும். வழக்கமாகப் போடுகிற விரல் உறையையும் பழைய சோடியையும் கையில் கொண்டுபோங்கள். பழைய சப்பாத்து தேய்ந்த இடத்தை வைத்தே அவர்கள் பாதி விஷயத்தைச் சொல்லிவிடுவார்கள். பிசியோ இன்னும் சரி சொல்லவில்லையென்றால் போகவேண்டாம், பிள்ளை எவ்வளவு கெஞ்சினாலும். முதல்முறை ஒரு சோடிக்கு மேல் எடுக்காதீர்கள், பலம் கூடக் கூட அளவும் தட்டும் மாறும். நாங்கள் மூன்றாவது சோடியில்தான் முத்திரையோடு ஓடர் கொடுத்தோம்.