வியட்நாம் போர்: மூன்று தொடர்கள், ஒரு தோட்டத்து மண்டபம்

வியட்நாம் போரின் முழுக்கதையையும் சொல்ல முயன்ற தொலைக்காட்சி ஆவணத் தொடர்களில் மூன்று முக்கியமானவை. 1980-இல் கனடாவில் தயாரான ‘வியட்நாம்: த டென் தவுசண்ட் டே வார்’ ஒன்று. 1983-இல் அமெரிக்காவின் பொதுத் தொலைக்காட்சியான பிபிஎஸ் ஒளிபரப்பிய ‘வியட்நாம்: எ டெலிவிஷன் ஹிஸ்டரி’ இன்னொன்று. 2017-இல் அதே பிபிஎஸ்ஸில் வந்த ‘த வியட்நாம் வார்’ மூன்றாவது. இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டப் பக்கம், ஹற்றனிலோ தலவாக்கலையிலோ பண்டாரவளையிலோ ஒரு வாசிகசாலை இவற்றில் ஒன்றை எடுத்து ஊராருக்குப் போட்டுக்காட்டுவதாக இருந்தால், 1983 தொடரை எடுக்கலாம். 2017 தொடர் பார்க்க அழகானது, பேர்பெற்றது. ஆனால் ‘ஏன் இப்படி நடந்தது’ என்று கேட்பவருக்கு அது பாதி பதில்தான் தரும்.

கனடியத் தொடரைச் சுருக்கமாக முடித்துவிடலாம். மைக்கல் மக்லியர் உருவாக்கியது, பீட்டர் ஆர்னெட் எழுதியது. 26 பாகம், ஒவ்வொன்றும் அரை மணி நேர ஒளிபரப்புக்கு அளந்தது. வடக்கிலிருந்து தெற்குக்கு ஆளும் ஆயுதமும் போன ஹோ சி மின் பாதை, கிராமத்துப் போர், கைதிகள் என்று பல பாகங்கள் ஒரே பொருளை எடுத்துப் பேசுகின்றன. உயர்தர வகுப்பின் ஒரு பாடவேளைக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தும்: படம் ஓடி முடிந்தாலும் கேள்வி கேட்க நேரம் மிஞ்சும். போர் முடிந்து ஐந்தே ஆண்டில் வந்ததால் நினைவுகள் சூடாக இருக்கின்றன. பின்னாளில் திறந்த ஆவணங்கள் எதுவும் அதில் இல்லாததற்கும் அதுவே காரணம்.

இனி மற்ற இரண்டும். இவற்றின் வேறுபாடு கமெராவுக்கு முன்னால் யாரை உட்காரவைத்தார்கள் என்பதில் இருக்கிறது. பொஸ்டனின் டபிள்யூஜிபிஎச் நிலையம் பிரித்தானிய, பிரெஞ்சுத் தொலைக்காட்சிகளோடு சேர்ந்து ஆறு ஆண்டு உழைத்து 1983 தொடரைச் செய்தது. ஸ்டான்லி கார்னோ தலைமைச் செய்தியாளர். முடிவெடுத்தவர்களில் பலர் அப்போது உயிரோடு இருந்தார்கள். அமெரிக்க வெளியுறவுச் செயலாளராக இருந்த டீன் ரஸ்க், வியட்நாமில் அமெரிக்கப் படைக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் வெஸ்ட்மோர்லண்ட், வடவியட்நாம் தலைநகர் ஹனோயின் பிரதமர் பாம் வான் டோங் எல்லோரும் தங்கள் வாயாலேயே தங்கள் நியாயத்தைச் சொல்கிறார்கள். கென் பேர்ன்ஸும் லின் நோவிக்கும் பத்தாண்டு உழைத்துச் செய்த 2017 தொடர் இதற்கு நேர்மாறு. கிசிங்கர், மக்கெயின், கெரி போன்ற பெரிய பெயர்களை வேண்டுமென்றே ஒதுக்கிவிட்டு, ஏறத்தாழ 80 சாதாரண சாட்சிகளை எடுத்தார்கள். வடவியட்நாம் படையில் இருந்து பின்னாளில் நாவலாசிரியரான பாவோ நின் அவர்களில் ஒருவர். மகனைப் போருக்கு அனுப்பி 1966-இல் இழந்த ஓர் அமெரிக்கத் தாயும் வருகிறார். அவர் பேசும் இடங்களில் மண்டபம் அடங்கிவிடும்.

ஆனால் அதே தொடர் தன் முன்னுரையிலேயே இந்தப் போரைக் கண்ணியமானவர்கள் நல்லெண்ணத்தோடு தொடங்கினார்கள் என்ற பொருளில் ஒரு வரி சொல்கிறது. அதை விமர்சகர்கள் இன்றுவரை விடவில்லை. 1964 ஓகஸ்ட் 4-ஆம் திகதி டொங்கின் வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல்கள் மீது நடந்ததாகச் சொன்ன இரண்டாவது தாக்குதல் நடக்கவே இல்லை. அதைக் காட்டித்தான் அமெரிக்க ஜனாதிபதி ஜோன்சன் காங்கிரஸிடம் போர் நடத்த அதிகாரம் வாங்கினார். 1983 தொடரின் நான்காவது பாகத்தைப் பார்த்த பிறகு அந்த வரிக்குத் திரும்பி வந்து ஒரு விவாதம் வைக்கலாம்.

1983 தொடரின் உச்சம் ஐந்தாம் பாகம். டா நாங் அருகே துய் போ என்ற கிராமத்துக்குள் 1967-இல் அமெரிக்க மரைன்கள் நுழைந்த நாளை, அங்கே போன மரைன்களும் தப்பிய கிராமத்தவர்களும் மாறிமாறிச் சொல்கிறார்கள். இரு தரப்புச் சொல்லும் ஒன்றோடொன்று ஒட்டாது. தொகுத்தவர்கள் அதை ஒட்டவைக்க முயலவும் இல்லை. ஆறாம் பாகம் முழுக்க எதிர்த்தரப்பின் பக்கம் நின்று பார்க்கிறது. இதனால்தான் அமெரிக்காவில் பெரும் எதிர்ப்பு. 1985-இல் ஹொலிவூட் நடிகர் சார்ல்டன் ஹெஸ்டன் குரலில் ஒரு மறுப்புப் படமே வந்தது, அதையும் பிபிஎஸ் ஒளிபரப்பியது. படத்துக்குப் படத்தால் பதில் சொல்வது இலங்கையருக்குப் புதிதல்ல: 2011 ஜூனில் இறுதிப் போர் பற்றிய சனல் 4 படம் வந்தது, ஓகஸ்டில் பாதுகாப்பு அமைச்சும் தன் படத்தை வெளியிட்டது.

2017 தொடரில் கவனிக்க இன்னொன்று உண்டு. போர்க்களச் சுருள்களில் பெரும்பாலானவை ஒலியில்லாமல் எடுத்தவை. வெடி, ஹெலிகொப்டர், சப்பாத்துச் சத்தம் எல்லாம் பின்னால் சேர்த்தது. காதில் விழுவதும் சான்று என்று இளையவர்கள் நம்பிவிடுவார்கள், தொடங்குமுன்பே சொல்லிவிடுங்கள். லாவோஸ் மீது 1964 முதல் 1973 வரை 20 இலட்சம் தொன்னுக்கு மேல் குண்டு விழுந்தது. 1983 தொடர் லாவோஸுக்கும் கம்போடியாவுக்கும் தனிப் பாகமே ஒதுக்கியது, 2017-இல் அவை ஓரத்தில் வந்துபோகின்றன. தெற்குவியட்நாம் படையினரின் குரல் குறைவு என்பது அமெரிக்காவில் குடியேறிய வியட்நாமியரின் மனக்குறை, அதில் நியாயம் உண்டு. பதிலுக்கு, 1968-இல் ஹுவே நகரில் கம்யூனிஸ்ட் தரப்பு செய்த கொலைகளை வடக்குப் படைவீரர் ஒருவரே ஒப்புக்கொள்வது 2017 தொடரின் பெரிய சாதனை.

நேரக்கணக்கு தோட்டத்தில் முக்கியம். கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, உலை வைத்து, பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வருபவர்களை ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்காரவைப்பது கடினம். 1983 தொடரின் பாகங்கள் ஒரு மணிக்குள் முடியும். 2017 தொடரில் 80 நிமிடத்துக்குக் குறைந்த பாகமே இல்லை, சில இரண்டு மணியை நெருங்கும், மொத்தம் 18 மணி நேரம். இரண்டாக வெட்டித்தான் போட வேண்டும்.

தமிழுக்கு இரண்டு வழி. ஒன்று, நிறுத்தி நிறுத்திச் சொல்வது. 1983 தொடர் பந்தி பந்தியாக நகர்வதால் எட்டுப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தினாலும் குலையாது. 2017 தொடரைப் பாட்டும் படமும் பின்னித் தொடுக்கின்றன, நடுவில் நிறுத்தினால் உயிர் போய்விடும். அதற்கு எழுத்துவரிதான் (சப்டைட்டில்) வழி. எழுத்துவரிக் கோப்பை யூரிஎஃப்-8 (UTF-8) என்ற குறியீட்டில் சேமிக்காவிட்டால் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரியும். யூஎஸ்பியைத் தொலைக்காட்சியில் நேரே குத்தினால் பல பெட்டிகள் ‘கொ’வின் கொம்பையும் காலையும் பிரித்துப் போடும், ஆகவே மடிக்கணினியில் விஎல்சி (VLC) என்ற படம் ஓட்டும் செயலி மூலம் ஓட்டுங்கள். திரையில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம், வரிக்கு 35 எழுத்து, குறைந்தது இரண்டு வினாடி. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் இடம் போதாது, சாரத்தை எழுதுங்கள்.

1983 படம் 4:3 அளவு. அகலத் திரைக்கு இழுத்தால் முகங்கள் சப்பையாகும், திரை அமைப்பை மாற்றுங்கள். வாங்கும்போது பாகங்களை எண்ணிப்பாருங்கள். 1997 மறுஒளிபரப்புக்காக முதல் இரண்டையும் ஒன்றாக்கி, ‘லெகசீஸ்’ என்ற கடைசிப் பாகத்தையும் எடுத்துவிட்டதால் 13 பாகம் 11 ஆகிவிட்டது. அந்தப் பதிப்பில், இங்கே 1983 தொடருக்குச் சொன்ன பாக எண்களில் முதல் பாகம் தவிர மற்றவை ஒவ்வொன்று குறையும். ஜூன் முதல் ஓகஸ்ட் வரை ஹற்றன் பக்கம் தகரக் கூரையில் மழை பிடித்தால் கணினியின் ஒலி எடுபடாது. பெட்டி ஸ்பீக்கர் இல்லாமல் தொடங்காதீர்கள்.

முதல் பாகத்துக்கு முன் ஐந்து நிமிடம் பேச ஆள் வேண்டும். பிரெஞ்சுக்காரர் தெற்கின் இறப்பர் தோட்டங்களுக்கு வடக்கிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவந்தார்கள். அங்கும் ‘காய்’ என்ற கங்காணிகள் இருந்தார்கள். 1930-இல் ஃபூ ரியெங் தோட்டத்தில் வேலைநிறுத்தம் வெடித்தது. இதைச் சொன்னால் போதும், அதன் பிறகு யாருக்கும் அது தூரத்து நாடல்ல.

15 வயதுக்குக் குறைந்தவர்களை 1968-ஐப் பேசும் பாகங்களுக்கு உட்காரவைக்க வேண்டாம். சைகோன் தெருவில் நெற்றிப்பொட்டில் சுடும் காட்சி இரு தொடர்களிலும் உண்டு. 1977 கலவரத்துக்குப் பிறகு வன்னிக்குப் போய், 2009-க்குப் பின் மலைக்குத் திரும்பிய குடும்பங்கள் ஊரில் இருந்தால் முதலிலேயே அவர்களிடம் சொல்லுங்கள், கதவோரம் இடம் விடுங்கள்.

வரிசை: 1983 தொடரின் 1, 4, 5, 6 நான்கு ஞாயிறு. ஐந்தாம் ஞாயிறு அதன் 7-ஆம் பாகம்: 1968-இல் கம்யூனிஸ்ட் தரப்பு தெற்கின் நகரங்கள் மீது தொடுத்த டெட் தாக்குதல். ஆறாம், ஏழாம் ஞாயிறுகளில் 2017 தொடரின் 6-ஆம் பாகத்தை இரண்டாக வெட்டிப் போடுங்கள். அதே 1968, அதே சைகோன், அதே ஹுவே, ஆனால் பேசுபவர்கள் வேறு. மாலை ஐந்தரைக்குத் தொடங்கினால் ஏழரைக்கு முன் எல்லோரும் லயத்து வீடுகளுக்குத் திரும்பிவிடலாம்.