சர்க்குலர் 3டி கிளாஸ்: வாங்கலாம், வந்ததும் நிலைக்கண்ணாடி முன்னாடி டெஸ்ட் பண்ணிருங்க

தியேட்டர்ல குடுக்குற மாதிரி சர்க்குலர் போலரைஸ்டு 3டி கிளாஸ் (ஒரு லென்ஸ் இடப்பக்கமா சுழல்ற வெளிச்சத்தை, அதாவது இடஞ்சுழியை விடும், இன்னொண்ணு வலஞ்சுழியை விடும்) ஆன்லைன்ல வாங்கினேன், படம் பார்க்க இல்ல, வண்டு பார்க்க. நான் இருக்குறது ஜெர்மனில, இங்க மே ஜூன்ல ரோஜாவுக்குள்ள பச்சையா தகதகன்னு ஒரு வண்டு புதைஞ்சு கிடக்கும், ரோசன்கேஃபர்னு சொல்வாங்க, பார்த்தாலே தீப்பெட்டில வச்சு வளர்த்த பொன்வண்டு ஞாபகம் வந்துரும்.

முதல்ல வந்தது லீனியர், அதாவது சுழலாம ஒரே திசையில அதிர்ற வெளிச்சத்தை மட்டும் விடுறது. கவர்ல சர்க்குலர்னுதான் போட்டிருந்துச்சு, ஆனா மாட்டிக்கிட்டு நிலைக்கண்ணாடி முன்னாடி ஒரு கண்ணை மூடினதும் தெரிஞ்சு போச்சு. சர்க்குலரா இருந்தா திறந்திருக்குற கண்ணோட லென்ஸ் கருப்பாயிடும், மூடின கண்ணுதான் தெரியும், ஏன்னா லென்ஸ்ல இருந்து இடஞ்சுழியா போற வெளிச்சம் கண்ணாடில பட்டு வலஞ்சுழியா திரும்பும், அதே லென்ஸ் அதை உள்ள விடாது. எனக்கு அப்படியே மாறித் தெரிஞ்சுச்சு. மாத்தி வாங்க மூணு வாரம் ஆச்சு, அதான் கடுப்பு.

ரெண்டாவது ஜோடி அருமை! வண்டை ஒரு லென்ஸ் வழியா பார்த்தா அதே பச்சை, இன்னொண்ணு வழியா பார்த்தா பச்சை செத்து கரிக்கட்டை மாதிரி ஆயிடுது, எத்தனை தடவை கண்ணை மாத்தி மாத்தி பார்த்தேன்னு கணக்கே இல்ல. அதோட ஓட்டுல கைட்டின்ங்கிற கெட்டியான பொருளோட நார் அடுக்கடுக்கா இருக்கு, ஒவ்வொரு அடுக்கும் கீழ இருக்கறதை விட கொஞ்சம் திரும்பி, சுழல் படிக்கட்டு மாதிரி இடப்பக்கமா முறுக்கிக்கிட்டே போகும். அந்த முறுக்கோட ஒத்துப்போற இடஞ்சுழி வெளிச்சம் திரும்பி வரும், வலஞ்சுழி உள்ள போய் அங்கேயே அடங்கிடும். இப்படி ஒரு வண்டை இயற்பியல் விஞ்ஞானி மைக்கேல்சன் 1911லயே கண்டுபிடிச்சு எழுதிட்டார். பொன்வண்டு மினுக்குறதும் அடுக்காலதான், ஆனா அதுல முறுக்கு இல்ல, அதனால இந்த வித்தியாசம் வராது.

கிளாஸும் ரெண்டு அடுக்குதான், வெளிய கால் அலை தகடு (சுழல்ற வெளிச்சத்தை ஒரே திசையில அதிர்றதா மாத்தும்), கண் பக்கம் அதை வடிகட்டுற லீனியர் போலரைசர். திருப்பிப் பிடிச்சா வேலை போச்சு, ரெண்டு லென்ஸ்லயும் வண்டு ஒரே மாதிரிதான் தெரியும்.

பிளாஸ்டிக் லேசு, சீக்கிரம் கீறல் விழுது. நான் கீறல் விழுந்த சர்க்குலர் கிளாஸை வெட்டி லென்ஸை போன் கேமரா மேல ஒட்டிட்டேன், வெளிப்பக்கம் வண்டைப் பார்த்து இருக்கணும், போட்டோ சூப்பரா வருது.